சபை எதற்காக இருக்கிறது? ஆராதனையும் சமூகப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் 9 வருடம் சேகரக் குழுவில் (சபை நிர்வாகக் குழுவில்) இருந்தேன். அதில் 6 வருடம் பொருளாளர். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் காபி டம்ளரோடு நிற்கும்போது இரண்டு விதமான ஆட்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, பாட்டு, ஜெபம் எல்லாம் சரி. ஏழைகளுக்கு நம்ம சபை என்ன செய்யுது?" என்பார். அவர் நகர்ந்ததும் ஒரு பெரியவர் வருவார். "தம்பி, இது சபையா சங்கமா? எதுக்கெடுத்தாலும் ப்ரோகிராம். ஆத்துமாவைப் பத்திப் பேச ஆள் இல்லை" என்பார்.

இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். நின்ற இடத்தில் பதில் சொல்லி முடியாது என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. சபையை நேசிக்கிற ஒரு விசுவாசி, அவ்வளவுதான்.

சபை எதற்காக இருக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அப்போஸ்தலர் 2:42 போதும். எருசலேமின் முதல் விசுவாசிகள் "அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும்" உறுதியாய்த் தரித்திருந்தார்கள். வசனம், ஐக்கியம், திருவிருந்து, ஜெபம். இந்த நாலும் இல்லாத இடம் வேறு எதுவாகவும் இருக்கலாம், சபை ஆகாது.

ஆனால் 42-இல் வேதத்தை மூடிவிடக் கூடாது. இரண்டு வசனம் தள்ளிப் போனால், அதே ஆட்கள் காணியாட்சிகளையும் ஆஸ்திகளையும் விற்று, அவனவனுக்குத் தேவையானபடி பகிர்ந்து கொடுத்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் பகிர்தலுக்கென்று அவர்கள் தனியாக ஒரு திட்டம் போட்டதாக எழுதப்படவில்லை. ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவர் பட்டினி என்று தெரிந்த பிறகு தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல" என்று அப்போஸ்தலரே சொல்லிவிட்டார்களே? அப்படியானால் சமூகப் பணி இரண்டாம் பட்சம்தானே?

பந்திவிசாரணை என்றால் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிப்பது. இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ உதவித் திட்டங்களைக் கூட்டத்திலேயே மடக்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அங்கே நடந்தது என்ன? கிரேக்க மொழி பேசும் யூதரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். எபிரெயம் பேசுகிறவர்களின் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைத்தது. மொழியை வைத்து ஒரு பாரபட்சம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று ஒரே வளாகத்தில் மூன்று ஆராதனை நடக்கும் இந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்போஸ்தலர்கள் "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல" என்றார்கள். அதோடு விஷயத்தை விட்டுவிடவில்லை. பந்திக்கென்று 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த 7 பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்தான். புகார் சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்து அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று வேத விளக்கம் சொல்பவர்கள் பலர் எடுத்துக்காட்டுவார்கள். இன்றைக்கு எந்தக் குழுவிலாவது இது நடக்குமா?

அடுத்து தகுதியைப் பாருங்கள். சோறு பரிமாறுகிறவன் "பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்றவனாக" இருக்க வேண்டுமாம். ஜெபம்பண்ணி, தலையில் கை வைத்து அனுப்புகிறார்கள். ஆவிக்குரிய வேலை, உலக வேலை என்று அவர்கள் பிரித்திருந்தால் இந்த நிபந்தனை எதற்கு? ஆட்களைத்தான் பிரித்தார்கள். இரண்டுமே சபையின் ஊழியமாக இருந்தது. அந்த ஏழில் ஒருவரான ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் பிரசங்கம் பண்ணி, கல்லெறியப்பட்டுச் சாகிறார்.

அப்படியென்றால் "ப்ரோகிராம் அதிகம்" என்று சொல்லும் பெரியவர் தவறா?

இல்லை, அவர் சொல்வது சரி. ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறார். ஏழைக்குச் செய்யும் பணியால் நம் ஆராதனை கெட்டதாக எனக்கு ஒரு உதாரணமும் நினைவில் இல்லை. கெடுத்தது வேறு.

பொருளாளராக இருந்த கடைசி வருடம், பொறுப்பை ஒப்படைக்கும் முன்பு கூட்டக் குறிப்பேட்டை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். விற்பனை விழா, அறுப்பின் பண்டிகை ஏலம், கிரிக்கெட் போட்டி, கீத பவனிக்கு ஒரே நிறத்தில் டி-ஷர்ட், சபைப் பிறந்தநாளுக்கு மேடை, மலர், வீடியோ. ஒரு கூட்டத்தில் ஷாமியானா எந்தப் பக்கம் போடுவது என்பதற்கே 40 நிமிடம் போயிருந்தது. அன்றைக்குக் கூட்டம் தொடங்கும்போது ஒரு நிமிட ஜெபம். முடியும்போது "கர்த்தர் கற்பித்த ஜெபம்" சொல்லிக் கலைந்தோம்.

அதே பக்கத்தின் கடைசி வரியில் ஒரு குறிப்பு: லிங்கராஜபுரத்தில் ஒரு குடும்பத்தில் மரணம், நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போதகர் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். "விற்பனை விழாவுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று பதில் எழுதப்பட்டிருந்தது. எழுதினது என் கையெழுத்து. அந்த நாள் கடந்து போய்விட்டது, பிறகு யாரும் போகவில்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த அம்மா இன்றும் ஞாயிறுதோறும் வருகிறார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே சமூகப் பணி வேறு, சபையின் கொண்டாட்டக் காலண்டர் வேறு. விற்பனை விழாவை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள அது உதவுகிறது. ஆனால் அதை நடத்திவிட்டு, "சபை உயிரோடு இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வது ஆபத்து.

அசனப் பண்டிகை? அதுவும் கொண்டாட்டம்தானே?

அசனத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் உள்ள சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகையோடு அசனம் நடக்கும். ஊரே கூடிச் சமைத்து, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அங்கிருந்து பிழைக்க வந்த நம் ஆட்கள் அதைப் பெங்களூருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முந்தின நாள் ராத்திரி சபை வளாகத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, பாயை விரித்து, அக்காமார் எல்லாம் வெங்காயம் உரிக்க உட்காருவார்கள். கண்ணீரும் பாட்டும் கலந்து ஓடும். ஒரு பாட்டி அரிவாள்மனையில் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே பழைய பாமாலைப் பாட்டுகளை எடுத்துக் கொடுப்பார். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டும் முன்பு போதகர் வந்து, அண்டாவைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணுவார். அந்தக் குளிரில், விறகுப் புகையில், அந்த ஜெபத்துக்கு நிகராக நான் ஒரு ஜெபமும் கேட்டதில்லை.

மத்தியானம் பந்தி. வங்கி மேலாளரும், தெருக்கூட்டும் பௌரகார்மிக அம்மாவும், பக்கத்துத் தெரு டெய்லர் பாயும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்காருவார்கள். சாதிவாரியாகப் பெஞ்ச் போட்டு உட்கார்ந்த வரலாறு தமிழ்நாட்டுச் சபைகளுக்கு உண்டு. தனிக் கல்லறைத் தோட்டமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. அந்த வரலாற்றின் நடுவே ஒரே பந்தி என்பது எவ்வளவு பெரிய பிரசங்கம் என்று யோசித்துப் பாருங்கள். திருவிருந்தில் வாயால் சொன்னதை அசனத்தில் கையால் செய்கிறோம்.

சில வருடம் முன்பு எங்கள் சபையில் கூட்டம் அதிகம் என்று கூப்பன் முறை கொண்டுவந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு ஹாலில் பஃபே, மற்றவர்களுக்கு வெளியே பந்தி. கணக்கு வழக்குக்கு வசதி என்று நானும் கை தூக்கினேன். அன்றைக்குப் பூசணிக்காய் நறுக்கின அதே பாட்டி வெளியே பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே தட்டோடு நின்றேன். பவுல் கொரிந்துச் சபைக்கு எழுதினது அப்போதுதான் எனக்குப் புரிந்தது: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" அவர் அதைத் திருவிருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில்தான் எழுதுகிறார். அடுத்த வருடம் சண்டை போட்டுக் கூப்பனை எடுத்தோம்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தால் போதாதா?

இதைக் கேட்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுவதும் சில்க் போர்டு நெரிசலில் அவதிப்பட்டுவிட்டு, கிடைத்த ஒரு நாளையும் மற்றவருக்குக் கொடுக்க நினைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் போதாது என்றுதான் சொல்வேன். எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி இருந்தார். தெருவோரக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் முழு மூச்சாக இறங்கினார். ஆராதனைக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது. இரண்டு வருடத்தில் ஆள் ஓய்ந்துபோனார். கோபம், தூக்கமின்மை. தான் பாடம் சொல்லிக்கொடுத்த பையன் ஒருவன் மறுபடியும் வேலைக்கே போய்விட்டபோது, அதைத் தன்னுடைய தோல்வியாக எடுத்துக்கொண்டு உடைந்துவிட்டார். ஒரு புதன்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "அண்ணே, நான் கொடுத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு யாரும் எதுவும் கொடுக்கல" என்றார்.

ஆராதனை என்பது நாம் வாங்கிக்கொள்ள வரும் இடம். பாவ அறிக்கை செய்கிறோம், மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது, வெறும் கையை நீட்டி அப்பத்தை வாங்குகிறோம். மார்த்தாள் வீட்டில் இயேசு சொன்னதும் இதுதான். சகோதரி மரியாள் அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்க, மார்த்தாள் வேலையில் ஓடிக்கொண்டிருந்தார். மார்த்தாள் செய்த வேலையில் தப்பில்லை, சாப்பாடு வேண்டும்தானே. "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் அவர் சொன்னார். வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடர் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆண் மருத்துவரை அவர்கள் உள்ளே விட மாட்டார்கள், ஐடாவோ மருத்துவம் படிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அன்றைக்கு நேராக மருத்துவமனை கட்ட ஓடவில்லை. முழங்காலில் நின்றார், அழைப்பைப் பெற்றுக்கொண்டார், அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பினார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினது இன்று சிஎம்சி மருத்துவமனை.

ஜெபம் மட்டும் பண்ணுங்கள், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் அண்ணாச்சிமாருக்கு என்ன பதில்?

யாக்கோபு 2:16-ஐ வாசித்துக் காட்டுங்கள். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரைப் பார்த்து, "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லியனுப்பினால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார். அப்புறம் ஏசாயா 58. உபவாசத்தைப் பற்றின அதிகாரம் அது, அதில் "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்" என்று வருகிறது. உபவாச ஜெபத்தில் மிச்சப்படும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஜெபத்துக்குக் கையும் இருந்தது.

இந்த விவாதம் மேல்நாட்டிலிருந்து வந்ததா?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் "சமூக சுவிசேஷம்" என்று, சமூகக் கேடுகளைத் தீர்ப்பதும் சுவிசேஷத்தின் வேலை என்று சொன்ன ஒரு இயக்கம் எழுந்தது உண்மை. ஆனால் இதைப் பற்றி ஆழமாகப் பேசப்பட்ட இடங்களில் ஒன்று நம் பெங்களூரு. 1957-இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ சமய, சமூக ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்தவர் எம்.எம். தாமஸ், கேரளத்தின் மார்த்தோமா சபைக்காரர், பிற்காலத்தில் நாகாலாந்து ஆளுநர். மனிதன் மனிதனாக வாழப் போராடும் இடங்களிலும் கிறிஸ்து வேலை செய்கிறார், அந்தப் போராட்டத்தை இரட்சிப்பிலிருந்து பிரிக்க முடியாது என்று அவர் 1970-களின் தொடக்கத்தில் எழுதினார். அவருக்கு மறுமொழி எழுதியவர்களில் முக்கியமானவர் லெஸ்லி நியூபிகின். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயர், பிறகு சென்னைப் பேராயர், தமிழில் பேசிப் பழகியவர். கிறிஸ்துவை ஏற்கிறவர்களுக்குக் கண்ணால் காணக்கூடிய ஒரு ஐக்கியம், ஒரு திருவிருந்து வேண்டாமா என்பது அவர் கேள்வி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்து, கடிதம் எழுதி வாதாடினார்கள். நாம் இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது அந்தக் கடிதங்களை எண்ணி ஏங்குகிறேன்.

1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் சுவிசேஷச் சபைகளின் உலக மாநாடு கூடியது. அதன் உடன்படிக்கையை வரைந்ததில் பெரும்பங்கு இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட்டுக்கு. சுவிசேஷம் அறிவித்தல், சமூகப் பொறுப்பு இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று அது சொன்னது. சமூகப் பணியே சுவிசேஷமாகிவிடாது என்றும் கூடவே சொன்னது. எனக்கு மனம் ஒப்புவது அந்த நிலைதான். ஆனால் நியூபிகினின் திருவிருந்துக் கேள்வியை அதோடு சேர்த்தே வைத்துக்கொள்வேன்.

கத்தோலிக்கர்கள் இதில் என்ன சொல்கிறார்கள்?

சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அவர்கள் பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போதனையிலும் தெளிவு உண்டு. போப் பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் எழுதிய சுற்றுமடலில் இறைவார்த்தையை அறிவிப்பது, அருள்சாதனங்களைக் கொண்டாடுவது, அன்புப் பணி ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதவை என்றார். போப் பிரான்சிஸ் 2013 மார்ச் 14 அன்று தம் முதல் மறையுரையிலேயே, இயேசு கிறிஸ்துவை அறிக்கையிடாவிட்டால் நாம் ஒரு தொண்டு நிறுவனமாகத்தான் ஆவோம் என்று எச்சரித்தார்.

ஏழைகளுக்கு உதவினால் மதம் மாற்றுகிறார்கள் என்கிறார்களே?

பயந்துகொண்டு கேட்கப்படும் கேள்வி இது. கர்நாடகத்தில் 2022-இல் வந்த சட்டம், மதம் மாறுவதற்காகப் பரிசு, பணம், வேலை, மத அமைப்புகள் நடத்தும் நல்ல பள்ளியில் இலவசப் படிப்பு போன்றவற்றைக் காட்டி இழுப்பதைக் குற்றமாக்கியது. அதைத் திரும்பப் பெறுவதென்று 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொன்னது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோற்றைக் காட்டி ஆத்துமாவை வாங்குவதை நம் ஆண்டவரே வெறுத்தார். அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தானே என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் 6-இல் முகத்துக்கு நேராகக் கேட்டார். அதற்காக, அதற்கு முன்பு 5,000 பேருக்குச் சாப்பாடு போட்டதற்கு அவர் வருத்தப்படவும் இல்லை. அரிசிப் பையோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கட்டாதீர்கள். அதே நேரத்தில் "ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் கிறிஸ்துவின் பெயரை மென்று விழுங்கவும் செய்யாதீர்கள். கேட்டவருக்குச் சாந்தமாகச் சொல்லலாம், 1 பேதுரு 3:15 அதைத்தான் சொல்கிறது.

4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒதுக்கிப் பழைய மதத்தை மீட்க முயன்றான். அவன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதின கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள், நமக்கு வெட்கம் என்று புலம்புகிறான். எதிரி தந்த சாட்சி அது.

கொரோனா நேரத்தில் சபைகள் செய்ததை எப்படிப் பார்க்கிறீர்கள்?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன. எங்கள் சபையும் அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிக் கொடுத்தது. கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். கொடுத்த விதத்தில் ஒரு முள் இன்னும் குத்துகிறது. முதல் நாள், பின்னால் பேனர் கட்டி, ஒவ்வொரு பையையும் ஐந்து பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். ஒரு பெண் பையை வாங்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று நம் ஆள் ஒருவர் சொன்னார். அவர் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று ராத்திரி எங்கள் போதகரிடம் பேசினேன். மறுநாள் முதல் கேமரா இல்லை, பேனர் இல்லை. வாலிபர்கள் பைக்கில் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்ற வசனம் இவ்வளவு நடைமுறையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இன்னும் ஊழியம்தானா?

அந்த வாசலில் பக்கத்துக் குடிசையின் பிள்ளை நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நுழைய முடிந்தால் ஊழியம். முடியாவிட்டால் அது நல்ல பள்ளி, நல்ல மருத்துவமனை. அதற்கும் ஊரில் தேவை உண்டு, ஆனால் ஊழியம் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. அந்தப் பிரிவு அறப்பணிக்கானது, மத நோக்கத்துக்கானது அல்ல. அதனால்தான் பல சபைகள் தொண்டுக்கென்று தனி அறக்கட்டளை வைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பணம் என்றால் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கைப் பிரித்து வையுங்கள், இரண்டு பக்கத்திலும் ஒரே ஜெபம் இருக்கட்டும்.

அநியாயத்தைப் பற்றிச் சபை பேசலாமா? அரசியல் ஆகிவிடாதா?

கட்சிக்கு ஓட்டுக் கேட்பது சபையின் வேலை இல்லை. ஆனால் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இன்னும் நடக்கிறது. இந்த ஊரில் அந்த வேலையைச் செய்யும் குடும்பங்கள் நம் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. நம் சகோதரனைப் பற்றிப் பேசுவதற்கு அரசியல் என்று பெயர் வைத்தால், ஏழைக்கு நடந்த அநியாயத்தைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியையும் வாசிக்காமல் விட வேண்டியதுதான்.

சேகரக் குழுத் தேர்தல்?

போட்டி போடும் முன்பு மூன்று மாதம் ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

சரி, எங்கள் சபையில் எங்கிருந்து தொடங்குவது?

ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று பேரரசனுக்கு விளக்கி எழுதினார். வேதம் வாசிக்கிறோம், பிரசங்கம் கேட்கிறோம், எழுந்து நின்று ஜெபிக்கிறோம், அப்பமும் ரசமும் பகிர்கிறோம் என்கிறார். அப்புறம் இரண்டு காரியம் சொல்கிறார். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தைக் கொண்டுபோகிறார்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது தலைவரிடம் சேர்க்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போகிறது. எல்லாம் ஒரே ஆராதனையின் பகுதி.

நாங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். முதலில் ஒரு நோட்டு வாங்கினோம். சபைக்கு வர முடியாதவர்கள் யார் யார் என்று தெருவாரியாக எழுதினோம். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜிநகர் சந்துகள். எத்தனை வீடுகளை நாங்கள் மறந்திருந்தோம் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் போதகரும் இரண்டு பேரும் அந்த வீடுகளுக்குக் கிளம்புகிறோம். போதகர் கையில் திருவிருந்துப் பெட்டி. என் கையில் மாத்திரைச் சீட்டுப்படி வாங்கின மருந்து, ஐந்து கிலோ அரிசி.

போன மாதம் அல்சூரில் ஒரு மாடி வீடு. இரும்புப் படி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். அந்தப் பாட்டிக்குக் கண் தெரியாது. எங்கள் செருப்புச் சத்தத்தைக் கேட்டதுமே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். அரிசியை ஓரமாக வைத்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா வந்துட்டீங்களா? முதல்ல பாட்டைப் பாடுங்க" என்றார். பாடி முடித்து, போதகர் அப்பத்தை எடுக்கும் முன்பே இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தார்.